தெருமுனையிலேயே கேட்க வேண்டும்

மேலாளர் காரைப் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது, டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். பார்க்காமல் என்ன செய்வார்? காரா அது, கல் உடைக்கிற இயந்திரமா?

இறங்கிய வேகத்தில் கதவை அறைந்து சாத்தினார் மேலாளர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

ஆயில் மாற்றத்தான் வண்டியைக் கொடுத்திருந்தார். பூனை மாதிரி போன வண்டி, உறுமிக்கொண்டு திரும்பி வந்தது. அன்றைக்கே வந்து உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். பட்டறை பூட்டிக் கிடந்தது. பட்டறைக்காரர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். செய்வதையும் செய்துவிட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார் மனுஷன்.

மூன்று நாளாக மானம் போகிறது. அலுவலகத்தில் அவரைக் கண்டால் பெட்டிப்பாம்பாக அடங்குகிறவர்கள், இப்போது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். இன்று சிக்னலில் மோட்டார் சைக்கிளில் நின்ற ஒருவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, சூப்பர் அங்கிள் என்றான்.

அங்கிளாம், அங்கிள்!

யார் வேலை என்று அவருக்குத் தெரியாதா? வீட்டில் இந்தப் புத்தி யாருக்கு வரும்? கல்லூரி படிக்கிற மகனுக்குத்தான். காலையில் அவனைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓங்கி ஓர் அறை விட்டார். கன்னத்தைக்கூடத் தடவாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவு திமிர்.

மகன் கதை முடிந்தது. இனி கூட்டாளி கதை.

வண்டிக்குச் சொந்தக்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, நேற்று முளைத்த பயல் வந்து சொன்னால் சைலன்சரில் கை வைப்பதா? ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? போலீசுக்குப் போகட்டுமா? மேலாளர் கத்திய கத்தில் எதிர்க்கடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

பட்டறைக்காரர் பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் பார்க்காத கத்தலா? முடியட்டும் என்று காத்திருந்துவிட்டு, தம்பி இந்தப் பக்கமே வரவில்லையே என்றார்.

"உங்க வீட்டம்மாதான் சார் வந்தாங்க. பாப்பாவக் கூட்டிக்கிட்டு."

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். அவளா? வாயில்லாப் பூச்சி. பக்கத்துக் கடைக்குப் போவதானாலும் கேட்டுவிட்டுப் போகிறவள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று எகிறினார்.

பட்டறைக்காரர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். கையில் கொஞ்சம்தான் இருக்கிறது, அதற்குள் வண்டிக்கு நல்ல சத்தம் வர வேண்டும் என்று அந்த அம்மா கேட்டார்களாம். அதற்கென்றே சைலன்சர் விற்கிறார்கள், ஆனால் யானை விலை. அதனால் இருந்த சைலன்சரின் பின்பக்க டப்பாவை மட்டும் அறுத்து எடுத்துவிட்டு, பழைய இரும்புக் குவியலில் கிடந்த ஒரு குழாயைப் பற்றவைத்துவிட்டார். குழாய்க்குக் காசு வாங்கவில்லை, கூலி மட்டும்தான். சார் சொல்லித்தான் வந்திருப்பார்கள் என்று நினைத்தாராம்.

அந்த அம்மா அதோடும் விடவில்லையாம். வண்டியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து ஓட்டிவரச் சொன்னார்கள். தாயும் மகளும் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்கள். முதல் தடவை, சத்தம் போதாது என்றார்கள். குழாயைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்த பிறகுதான் சரி என்று தலையாட்டினார்கள்.

"பாப்பாதான் சார் வேடிக்கை. வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் ஸ்டூல்ல உக்காந்து புத்தகத்த விரிச்சு வெச்சுக்குதாம். நான் உள்ள வர்றதுக்குள்ள உக்காந்துட்டா அதுக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்ன வெளையாட்டோ!"

சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் சிரித்தார்.

மேலாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. விளையாட்டு! அவர் வண்டியில், அவர் சம்பாத்தியத்தில், ஆத்தாளுக்கும் மகளுக்கும் விளையாட்டு! ஊரே கைகொட்டிச் சிரிக்கிறது, இவர்களுக்கு விளையாட்டு!

கழற்று, இந்த நிமிஷமே கழற்றிப் பழைய டப்பாவை மாட்டு என்றார். பட்டறைக்காரர் ஜாக்கியை எடுக்கப் போனார். வீட்டுக்குப் போய்க் கேட்கிற பொறுமை மேலாளருக்கு இல்லை. போனை எடுத்து மனைவியை அழைத்தார்.

சின்ன மகள்தான் எடுத்தாள். யார் என்று பார்க்காமலே எடுத்திருப்பாள். பேச்சைக் காணோம், ஒரே சிரிப்பு. டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மகன் யாரையோ போலப் பேசிக்காட்டிக்கொண்டிருந்தான். கூடவே ஒரு பொம்பளை மூச்சு வாங்க, போதும்டா போதும்டா என்று சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வந்திருக்கிறாளோ என்று நினைத்தார். அது தன் மனைவி என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

நான்தான் என்றார்.

பாட்டு பாதியில் அறுந்தது. நாற்காலி இழுபட்டது. உள்ளே ஒரு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. பிறகு போன் கைமாறி, அவருக்கு நன்றாகப் பழக்கமான அந்தத் தணிந்த குரல் வந்தது.

"வாசல்லயா நிக்கிறீங்க? வண்டிச் சத்தமே கேக்கலையே..."