ஆல்ட்டோ வரிசை

பாறசாலைப் பக்கத்து பாப்டிஸ்ட் சபையின் பாடகர் குழுவான இசைஞர் ஐக்கியத்தில் தொடக்கம் முதலே ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் நாற்காலி அடுத்த ஆண்டுவிழா வரை காலியாகக் கிடக்கும். அன்று புதியவர் ஒருவர் அதில் அமர்வார்.

இந்த ஆண்டு அது, பெண்களில் தாழ்ந்த குரல்காரர்கள் அமரும் ஆல்ட்டோ வரிசையில், வினீத்தின் மனைவி ஜோஸ்னாவின் நாற்காலி. கீபோர்டிலிருந்து எழுந்து வந்து, புதிதாகச் சேர்ந்த ஜிஜியை அவனே உட்காரச் சொன்னான்.

“அதுல ஜோஸ்னாக்கா இருக்காங்கல்லா, அண்ணா?”

வினீத்துக்கு வெறும் நாற்காலிதான் தெரிந்தது.

பாடகர் தலைவர் ஞானையன் சிரித்தார். “எலே, கெட்டின பெண்டாட்டி எவன் கண்ணுக்குத்தான் தெரிஞ்சிருக்கா? போய் வாசி.”

எல்லோரும் சிரித்தார்கள், பிறகு பாடினார்கள். ஜோஸ்னாவின் குரல் மட்டும் வினீத்துக்குக் கேட்கவில்லை.

“அவ இன்னைக்கு நல்லா பாடினா, மக்கா. மெதுவா கூட்டீட்டுப் போ,” என்றார் ஞானையன்.

வெளியே மற்ற வண்டிகள் போய்விட்டன. அவள் பின்னால் ஏறிவிட்டாளா என்று தெரியாமல், என்ஜின் ஓடிக்கொண்டிருந்த பைக்கை நகர்த்தாமல் வினீத் நின்றுகொண்டிருந்தான்.