நாமினி மாற்றம்

“என் சம்சாரம் பேரை எடுத்துட்டு, நாமினியா இந்தப் பேரைப் போடணும் தாயி.”

சீனிச்சாமி நீட்டிய துண்டுச் சீட்டை அக்தர் பானு வாங்கிப் பார்த்தாள். ‘தமிழ்செல்வி, வயது 19, பொட்டிபுரம்’ என்று எழுதியிருந்தது.

போடி அஞ்சலகத்தில் அவளது கவுண்டர் முன் அப்போது கூட்டமில்லை. சீனிச்சாமிக்கு அறுபது வயதிருக்கும். ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்குகிறவர். அதே கடையில் காய் தரம் பிரிக்கும் மனைவி வேலுத்தாயுடன் மாதாமாதம் வந்து, இருவர் சம்பளத்திலும் மிஞ்சியதைத் தன் கணக்கில் கட்டிவிட்டுப் போவார். அது நாலு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

“இது யாருண்ணே? மகளா?”

“இல்ல.”

“தங்கச்சி மகளா?”

“சொந்தமெல்லாம் கிடையாது.”

“பிறகு?”

அவர் தரையைப் பார்த்தார்.

பானுவுக்குச் சுருக்கென்றது. புருஷன் செத்த பிறகு பாஸ்புக்கோடு வந்து, நாமினியாக இன்னொருத்தி பெயர் இருப்பதைக் கேட்டு, இதே கவுண்டர் முன்னால் உட்கார்ந்துவிட்ட இரண்டு பெண்களை அவள் பார்த்திருக்கிறாள்.

“அண்ணே, கணக்கு உங்க பேர்ல இருக்கு. மாத்துறதுக்கு உங்களுக்கு உரிமையும் இருக்கு. ஆனா இதுல அக்கா சம்பளமும் சேந்திருக்கு. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க என்ன செய்வாங்க? அவங்களைக் கூப்பிடுங்க. அவங்க முன்னாடியே கேட்டுக்கிறேன்.”

சீனிச்சாமி மறுக்கவில்லை. வாசல் பெஞ்சைப் பார்த்து, “வேலு, இங்க வா” என்றார்.

வேலுத்தாய் வந்ததும் பானு சீட்டைக் காட்டினாள். “இந்தத் தமிழ்செல்வி யாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியும் தாயி. அந்தப் பேரைப் போடச் சொன்னதே நாந்தேன்.”

பானு பேனாவைக் கீழே வைத்தாள்.

“இவரு முன்ன போடிமெட்டு மலைப்பாதையில ஜீப்பு ஓட்டுனாரு. தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போகையில ஒரு நாளு பிரேக்கு பிடிக்காம வண்டி பள்ளத்துல விழுந்துருச்சு. மத்தவுகளுக்குக் கை காலு முறிஞ்சதோட போச்சு. இந்தப் பிள்ளையோட ஆத்தா மட்டும் பிழைக்கல. அப்பன் முன்னாலயே இல்ல. எட்டு வயசுல இருந்து சித்தி வீட்லதேன் வளருது.”

“கேசு நடந்துச்சா?”

“மூணு வருசம் நடந்துச்சு. வண்டி நொறுங்கிப் போனதுல பிரேக்கைச் சோதிச்சுப் பாக்க முடியல. இவரு மேல தப்பில்லைன்னு விட்டுட்டாக. ஆனா இவரு அன்னையில இருந்து ஸ்டீரிங்கைத் தொடல. மூட்டை தூக்கப் போயிட்டாரு. எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. எனக்குத் தேவாரம் ஊருல எங்கப்பன் குடுத்த அரை ஏக்கரு நிலம் இருக்கு. அது போதும்.”

பானுவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. “தப்பா நினைச்சுட்டேன்ணே” என்றாள். சீனிச்சாமி தலையை மட்டும் அசைத்தார்.

“அந்தப் பிள்ளை இப்ப படிக்குற வயசுதானேக்கா? கையிலயே குடுத்துட்டா உதவுமே?”

“ரெண்டு தடவை கொண்டுபோய்க் குடுத்தோம். ‘பிரேக்கு பிடிக்காததுக்கு நீங்க என்ன மாமா செய்வீங்க? தப்பே செய்யாதவங்ககிட்ட நான் எப்படிக் காசு வாங்குறது?’ன்னு திருப்பிக் குடுத்துருச்சு. தங்கமான பிள்ளை. இவருதேன் அன்னைக்குப் பூராவும் சோறு திங்கல.”

சீனிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பானு நாமினி மாற்றும் பாரத்தை எடுத்தாள்.

“சரிக்கா. ஆனா நாமினி மட்டும் மாத்துனா போதாது. நாமினின்னா பணத்தை வாங்கிக்கிற ஆளுதான். நாளைக்கு அண்ணன் பங்காளிங்க யாராவது வந்து, நாங்கதான் வாரிசுன்னு நின்னா அந்தப் பிள்ளைக்குச் சிக்கலாயிரும். அதுக்கே சேரணும்னா அண்ணன் ஒரு உயில் எழுதணும். வெள்ளைத்தாள்ல எழுதுனாலும் செல்லும். ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்துப் போடணும். பதிவு பண்ணிட்டா இன்னும் நல்லது.”

“நாங்க எழுத்துக்கு எங்க தாயி போவோம்? நீயே எழுதிக் குடுத்துரு” என்றாள் வேலுத்தாய்.

“எழுதித் தர்றேன். நீங்க போய் அண்ணனோட ஆதாரை ஜெராக்ஸ் எடுத்துட்டு வெரசா வாங்க.”

வேலுத்தாய் வெளியே போனாள். பானு ஒரு தாளில் சீனிச்சாமியின் பெயர், ஊர், கணக்கு எண் எல்லாம் எழுதினாள்.

“எதுக்காகக் குடுக்குறீங்கன்னும் ஒரு வரி சேத்திருக்கேண்ணே. பின்னாடி யாரும் என்னை மாதிரி தப்பா நினைக்கக் கூடாது பாருங்க” என்றவள், எழுதியதை வாசித்துக் காட்டினாள். “‘எனது ஜீப்பில் பிரேக் பிடிக்காமல் நேர்ந்த விபத்தில் தாயை இழந்த தமிழ்செல்விக்கு...’”

“அதை அடிச்சிரு தாயி.”

“எதைண்ணே? அந்தப் பிள்ளை பேரையா?”

சீனிச்சாமி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். வேலுத்தாய் இன்னும் வரவில்லை. கவுண்டர் பலகையை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“போன்ல பேசிக்கிட்டே ஓட்டுனேன். வளைவைப் பாக்கல” என்றார். “பிரேக்கு நல்லாத்தேன் இருந்துச்சு தாயி.”