படுத்துப் பார்க்கும் கூரை

ஸ்ட்ரெச்சரில் படுக்க ஒருவரும் முன்வரவில்லை.

இன்ஜினியருக்கு முதுகு வலியாம். நிர்வாகி அம்மாளுக்கு உடை கசங்கிவிடுமாம். தலைமை மருத்துவர் மட்டும் சாக்குச் சொல்லாமல் என் மனைவியிடம் உண்மையைச் சொன்னார். "நல்லா இருக்கிறவன் இதுல படுக்கக் கூடாதும்மா." தினமும் இத்தனை பேரை அதில் படுக்க வைக்கிற மனிதர்!

ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் நீண்ட நடைவழி அது. அதன் கூரை முழுவதையும் என் மனைவி விளக்காகவே கட்டியிருந்தாள். எது கூரை, எது விளக்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நின்று பார்த்தவர்களுக்குச் சாய்த்து அடுக்கிய பலகைகள்தான் தெரிந்தன. பாதி வழிக்கு அப்பால் வலது பக்கம் இருட்டு வேறு. ஒயரிங் கோளாறு என்றார் இன்ஜினியர். எல்லாவற்றையும் பிரித்துவிட்டு ட்யூப்லைட் மாட்டுவதா என்று அன்றைக்கே முடிவு செய்ய வந்திருந்தார்கள்.

"படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்பதைத் தவிர அவள் எதுவும் பேசவில்லை.

ஒரு வருடமாக வீட்டில் தரையில் மல்லாந்து கிடந்து கூரையையே பார்த்தவள் அவள். சோம்பேறித்தனத்துக்குக்கூட ஒரு தொழில் இருக்கிறது பார் என்று நான் கேலி செய்ததுண்டு.

ஊருக்கு இளைத்தவன் புருஷன்தானே. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தேன். அவளே தள்ளினாள்.

பலகைகள் திறந்துகொண்டன. உண்மையில் அவை அசையவே இல்லை. கீழே படுத்தவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒவ்வொரு இடுக்கிலும் விடியற்கால வெளிச்சம். கண் கூசவில்லை. சக்கரம் உருள உருள, முன்னால் இருந்தது மெல்லத் தெளிந்தது. கடந்து போனது சத்தமில்லாமல் அடங்கியது. இது எங்கே போகிற வழி என்பதே எனக்கு மறந்துவிட்டது. காப்பியில் சர்க்கரை போட மறக்கிறவளா இதைச் செய்தாள்?

நடைவழியின் பாதியில், தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. உறவினர்கள் அதைத் தாண்டக் கூடாது. அந்தக் கோடு எனக்கு ஏற்கெனவே பழக்கம்.

கோட்டைத் தாண்டியதும் மற்ற விளக்குகள் எல்லாம் தணிந்தன. ஒன்றே ஒன்று, இடது பக்கத்தில், என் தோளுக்கு நேர் மேலே, பலகைக்குப் பலகை தாவிக்கொண்டு கூடவே வந்தது. அவள் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. தியேட்டர் கதவுவரைக்கும் என்னை விடவில்லை.

"ஏன் இடது பக்கம் மட்டும்?" என்றேன்.

அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "அன்னைக்கு என்னை உள்ள கொண்டுபோனப்போ நீங்க அந்தப் பக்கம்தானே வந்தீங்க. கோட்டுக்கிட்ட வந்ததும் கையை விடச் சொல்லிட்டாங்க."

எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே கிடந்தேன்.

தலைமை மருத்துவர் மட்டும் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.