வலது கன்னம்

“பேஷன்ட் எங்க சார்? பொண்ணா, பையனா?” என்று கேட்டாள் டோக்கன் கொடுக்கும் லின்சி.

மாத்ருபூதம் வலது கன்னத்திலிருந்து கைக்குட்டையை எடுத்தார். “நான்தாம்மா.”

உறையூரில் இருந்த அந்தத் தோல் மருத்துவமனை முழுக்கக் கல்லூரிப் பெண்களும் மீசை அரும்பும் பையன்களும்தான். ஐம்பத்துமூன்று வயதில் ஒரு கன்னம் நிறையப் பருவோடு அவர் நடுவில் போய் உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த பெண் தன் அம்மாவை இடித்தாள். “பாத்தியா? வயசானா தானாப் போயிடும்னியே!”

அவருக்கு இதெல்லாம் பழகிவிட்டது. பொன்மலை ரயில்வே பணிமனையில் கூட வேலை பார்க்கும் தைரியராஜ் தினமும், “என்னப்பா, பிளஸ் டூ ரிசல்ட் வந்துருச்சா?” என்றுதான் வரவேற்பான். ஜாதிக்காய், சந்தனம், வேப்பிலை எல்லாம் அரைத்துப் பூசிப் பார்த்தாயிற்று.

தன் முறை வந்தும், இரண்டு தடவை பின்னால் வந்தவர்களை முன்னால் அனுப்பிவிட்டார். மூன்றாவது தடவை லின்சியே அவரை உள்ளே தள்ளிவிட்டாள்.

டாக்டர் சுஜா போனில் பேசிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். “என்னம்மா, அதிசயமா இருக்கு! மொத ரிங்லயே எடுத்துட்டே? எப்பப் பண்ணினாலும் பிஸின்னுதானே வரும்? சரி சரி, மத்தியானம் சாப்பிட வரேன்.” போனை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “உக்காருங்க சார். எத்தனை நாளா இருக்கு?”

“ஆடி மாசத்துலேர்ந்து டாக்டர்.”

விளக்கைத் திருப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்தாள். “இடது கன்னம் சுத்தமா இருக்கே! ஒருக்களிச்சுப் படுப்பீங்களா?”

“மல்லாந்துதான் படுப்பேன்.”

“போன் வலது காதுல வெச்சுப் பேசுவீங்களோ?”

“இடது காது பணிமனைச் சத்தத்துல மந்தமாயிடுச்சு டாக்டர்.”

“எவ்ளோ நேரம் பேசுவீங்க?”

“காலையில கொஞ்சம். சாயங்காலம், சார்ஜ் தீர்ற வரைக்கும்.”

“அப்ப அதான். போன் சூடு, வேர்வை, அழுக்கு எல்லாம் கன்னத்துல அழுந்திக்கிட்டே இருக்கு. அப்படி யாருகிட்ட சார் பேச்சு?”

மாத்ருபூதத்தின் இடது கன்னமும் சிவந்தது. “ஒருத்தங்ககிட்ட.”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. “சும்மா சொல்லுங்க சார், டாக்டர்கிட்ட என்ன?”

“ஆடி அமாவாசைக்குக் காவிரிக்கரை அம்மா மண்டபம் போயிருந்தேன். என் சம்சாரத்துக்குத் தர்ப்பணம் குடுக்க. பக்கத்துல அவங்க, அவங்க வீட்டுக்காரருக்குக் குடுக்க வந்திருந்தாங்க. கூட்டம்னா அப்படியொரு கூட்டம். ஐயரு எல்லாரையும் மொத்தமா உக்கார வெச்சு, பேரைக் கேட்டுக்கிட்டு, வேகவேகமா மந்திரம் சொல்லிட்டாரு. அந்த அவசரத்துல அவங்க வீட்டுக்காரருக்கு நான் எள்ளும் தண்ணியும் விட்டுட்டேன். என் சம்சாரத்துக்கு அவங்க விட்டுட்டாங்க.”

சுஜா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது செல்லுமா, திரும்பக் குடுக்கணுமான்னு பேசி முடிவு பண்ணத்தான் நம்பர் வாங்கிக்கிட்டோம்.”

“முடிவாச்சா?”

“இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்.”

சுஜா சிரித்த சிரிப்பில் லின்சி கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

“களிம்பு எழுதித் தரேன். ஆனா போனை விடலேன்னா எந்தக் களிம்பும் கேக்காது. பேசாம கல்யாணம் பண்ணிக்கோங்க சார். ஒரே வீட்டுல இருந்தா போன் எதுக்கு?”

“எனக்கும் அதான் ஆசை. என் பையன்கூட சரின்னுட்டான்.” மாத்ருபூதம் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “அவங்களுக்கு ஒரே பொண்ணு. அது என்ன நெனச்சுக்குமோன்னு அவங்க வாயே தெறக்க மாட்டேங்கறாங்க. அது வேணாம்னுட்டா, அதோட விட்டுடுவாங்க.”

“நீங்க?”

“சம்சாரம் போய் ஆறு வருஷம். இப்பத்தான் வீட்டுல ஒரு பேச்சுச் சத்தம் கேக்குது, அதுவும் போன்லேர்ந்து. அது நின்னுடுமோன்னுதான் பயமா இருக்கு டாக்டர். பருவெல்லாம் இருந்துட்டுப் போகட்டும்.”

சுஜாவுக்குச் சிரிப்புப் போய்க் கோபம் வந்துவிட்டது. “அந்தப் பொண்ணு என்ன பச்சக் குழந்தையா?”

“இல்ல, உங்க வயசுதான். நல்லாப் படிச்ச பொண்ணு.”

“படிச்சு என்ன பிரயோஜனம்? நாள் முழுக்கத் தனியா உக்காந்திருக்கிற அம்மாவைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிக்க வேணாமா? இவளுக்குப் பயந்துக்கிட்டு அவங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு பேசணுமா? அவளுக்கு போனைப் போடுங்க. நானே பேசறேன்.”

“திட்டிடாதீங்க டாக்டர்.”

“திட்டத்தான் போறேன். போடுங்க சார்!”

மாத்ருபூதம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒரு தடவை துடைத்துவிட்டு, எண்ணை அழுத்தினார். காதில் வைக்காமல் மேசைமேல் வைத்தார்.

சுஜாவின் போன் அடித்தது. தெரியாத நம்பர். அவள் தன் போனைப் பார்த்தாள். அவர் போனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எடுக்க வேணாம்மா. சரின்னு சொன்னாப் போதும்.”