சாணிக் குழிக்கு ஒரு கண்

இரண்டாவது முறையாக வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான் மாப்பிள்ளை. சாப்பாட்டில் ஒரு கோளாறும் இல்லை. மாமனாரின் மாட்டுப் பண்ணையில் சாணிக் குழியைக் கலக்க ஆரம்பித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

கல்யாணமானதிலிருந்து பண்ணைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன். மாமனார் இடுப்பு ஆபரேஷன் செய்துகொண்டு ஆஸ்பத்திரியில் படுத்துவிட, பண்ணை முழுக்க இவன் தலையில் விழுந்துவிட்டது.

சாணியும் மூத்திரமும் மாதக்கணக்கில் ஊறி, மேலே தடித்த தோல் கட்டிக் கிடந்தது குழி. டிராக்டரில் பூட்டிய இரும்புத் துடுப்பு அந்தத் தோலைக் கிழித்ததும், ஒரு லாரி அழுகல் முட்டையை மொத்தமாகக் கவிழ்த்ததுபோல் நாற்றம் கிளம்பியது. கறுப்பும் பச்சையுமாகக் கொப்பளித்தது குழம்பு. தெறித்த ஒரு துளி மாப்பிள்ளையின் புது ஷூவில் வந்து உட்கார, அதன்மேல் இரண்டு ஈக்கள் வந்து உட்கார்ந்தன.

"சீ! மனுஷன் செய்ற வேலையா இது?"

"குழியைச் சுத்தியிருக்கிற வேலியைத் தாண்டி உள்ள போகாதீங்க அத்தான்," என்றாள் மனைவியின் தங்கை. காற்றில் கலந்திருக்கும் வாயுக்களை ஒளியால் அளக்கும் கருவி செய்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. அப்பாவின் குழிக்கும் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருந்தாள். ஒரு கரையில் பெட்டி, எதிர்க்கரையில் கண்ணாடி. பெட்டியிலிருந்து கிளம்பும் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வழியில் விஷவாயு இருந்தால் ஒளியில் கொஞ்சத்தை அது விழுங்கிவிடும். எவ்வளவு குறைந்தது என்பதை வைத்துப் பெட்டி கணக்குச் சொல்லும்.

"அளவு மீறினா சிவப்பு விளக்கு எரியும், சங்கு ஊதும். ஊதினா எதையும் யோசிக்காம வெளிய வந்துடுங்க." சொல்லிவிட்டு, அப்பாவிடம் போனில் பேச வீட்டுக்குள் போனாள்.

மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டு பெட்டியைப் பார்த்தான். நாற்றம் குடலைச் சுருட்டி வாய்வழியாக வெளியே இழுக்கிறது. பெட்டியோ பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது. டிராக்டரின் கண்ணாடிக் கூண்டுக்குள் டிரைவர் நிம்மதியாக பன்னைக் கடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் இவனுக்கு மறுபடி குமட்டியது.

டிரைவர் ஹாரன் அடித்து, குழியின் கரையைக் கைகாட்டினார். குழம்பை வயலுக்குக் கொண்டுபோகிற ரப்பர் குழாய் கரையோரம் மடங்கிக் கிடந்தது. தலையெழுத்தை நொந்துகொண்டு மாப்பிள்ளை வேலியைத் தாண்டி இறங்கினான். காலால் தள்ளிப் பார்த்தான், நகரவில்லை. குனிந்து இரண்டு கையாலும் பிடித்தான். வழவழவென்று கைக்குள் வழுக்கியது அது. உடம்பெல்லாம் கூசியது.

குழாய் நிமிர்ந்தது. அவனும் நிமிர்ந்தான். அப்போதுதான் கவனித்தான், நாற்றம் இல்லை.

மூச்சை இழுத்துப் பார்த்தான். சுத்தமான வெறும் காற்று. இன்னும் நன்றாக, நெஞ்சு நிறைய இழுத்தான். காலையிலிருந்து அனுபவித்த நரகத்துக்கு இது போதும் என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சங்கு அலறியது. பெட்டியில் சிவப்பு விளக்கு.

"த்தூ! மெஷினாம் மெஷின்." கையெட்டும் தூரத்தில் இருந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தான். சங்கு அடங்கியது.

வீட்டுக்குள்ளிருந்து கொழுந்தியா ஓடிவந்தாள். வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையை ஆட்டி டிராக்டரை நிறுத்தச் சொன்னாள். "அத்தான், மேல வாங்க! உடனே வாங்க!"

கிட்டே வரக்கூட அருவருப்பாம். மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்றே மேட்டில் ஏறினான். பாதியிலேயே கால்கள் பஞ்சாகிப் போயின. வேலியைத் தாண்டியவன் அவள் காலடியில் சுருண்டு விழுந்தான். டிராக்டரை நிறுத்திவிட்டு ஓடிவந்த டிரைவரும் அவளுமாகச் சேர்ந்து, அவனைக் காற்று வரும் பக்கமாகத் தரதரவென்று இழுத்துப்போய் ஒரு மரத்தடியில் போட்டார்கள். அவள் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

மூன்றாவது வாந்தி. கண் எரிந்தது, தலை வெடித்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

"உன் மெஷினைத் தூக்கிக் குப்பையில போடு. நாத்தம் குடலைப் புடுங்கினப்ப வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு. நாத்தமே இல்லாதப்ப ஊரைக் கூட்டுது!"

தலைத்துண்டால் மூக்கைக் கட்டியிருந்த டிரைவர் அவனை விநோதமாகப் பார்த்தார். "என்ன சொல்றீங்க? இந்த மரத்தடி வரைக்கும் நாறுதே!"

மாப்பிள்ளை மூச்சை இழுத்தான். ஒன்றும் தெரியவில்லை. தன் கையைப் பார்த்தான். முழங்கைவரை சாணிக் குழம்பு அப்பியிருந்தது. தயங்கித் தயங்கி, காலையிலிருந்து எதைக் கண்டு வாந்தி எடுத்தானோ அதையே மூக்கருகில் கொண்டுபோய் முகர்ந்தான். அதிலும் ஒன்றுமில்லை.

"எங்கடி போச்சு நாத்தம்?" என்றான்.

"நாத்தம் எங்கயும் போகல அத்தான். விஷம் ஏற ஏற, உங்க மூக்குதான் முதல்ல செத்துச்சு!"