நடுவில் நிற்கும் சுழி

திரைச்சீலையின் கிழிசல் வழியாகப் பிற்பகல் வெயில் ஒரு கோடாக மேஜைமேல் கிடக்கிறது. பக்கத்தில், நுண்ணோக்கியின் திரையில் இரண்டு கரும்புள்ளிகள். ஒன்று ஓரத்தில், ஒன்று நடுவில். தலைமுடியைவிடப் பல ஆயிரம் மடங்கு மெல்லிய உலோகப் படலத்தில், காந்தம் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு நிற்கும் சுழிகள் அவை. சுழி அழிய வேண்டுமென்றால் ஓர் ஆற்றல் மேட்டைத் தாண்டியாக வேண்டும். ஏற ஏறச் சூடே சுழியைப் பின்னாலிருந்து தள்ளும். ஓரத்தில் மேடு தாழ்வு, அங்குள்ள சுழி அறுபது டிகிரியில் போய்விடும். நடுவில் மேடு உயரம், எண்பதிலும் போகாது. இரண்டு வருடமாக ஆய்வாளரான அவள் போட்டுவைத்திருக்கும் கணக்கு இது. மூன்று வாரம் மெனக்கெட்டு அந்தப் படலத்தைச் செய்தவர், சூடேற்றும் குமிழில் கைவைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். அறுபதில் ஓரப்புள்ளி வழுக்கிக்கொண்டு போய் மறைகிறது. "ஒண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் பின்னாடியே போயிடும் மேடம், இதோட நிறுத்திக்கலாம்," என்கிறார். "ஏத்துங்க சார். அது எங்கேயும் போகாது." சொல்லிவிட்டு, ஆரஞ்சுப் பழம் உரித்த கையைக் கழுவ எழுந்து போகிறாள். திரைக்கு முதுகைக் காட்டியபடி குழாயைத் திறக்கிறாள். "எழுபது." நுரை வழிந்து ஓடுகிறது. "எழுபத்தஞ்சு. நடுங்குது மேடம்." "நடுங்கட்டும்." கை எப்போதோ சுத்தமாகிவிட்டது; தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. "எண்பது" என்கிறார். நாற்காலி கிறீச்சிடுகிறது. "நடுங்குதே தவிர, நகரல மேடம்!" அப்போதுதான் அவள் குழாயை மூடுகிறாள்.