அழகனை மாத்துங்க

பொகவந்தலாவை கால்பந்து அணிக்குப் புதுக் கோச் தேடுகிறார்கள் என்ற செய்தியால் நூர்தீன் நானாவின் தேநீர்க் கடையில் ஒரே சத்தம்.

"கினிகத்தேனை டீம் கோச்சக் கூப்பிடுவோம்" என்றான் தர்ஷன்.

"யாரு வந்தாலும் பழைய கோச் அழகனுக்குத் தேவல. மேட்ச் மேட்ச்சா தோத்தோமே!"

"பேஸ்புக்ல 'அழகனை மாத்துங்க'ன்னு மொதல்ல எழுதின புண்ணியவான் யாருடா? அவனுக்கு மாலை போடணும்."

வாசலில் பாண் ரொட்டி வாங்க நின்ற கிருஷாந்தியை அவர்கள் கவனிக்கவில்லை. அவள் வாங்காமலே திரும்பிவிட்டாள்.

வீட்டில் கணவர் விசிலைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பேஸ்புக்ல யாரு எழுதினாங்களோ தெரியல. நான் எங்க தப்பு பண்ணுறேன்னு அப்படியே புட்டுப் புட்டு வச்சிருக்காங்க" என்றார் அழகன்.

கிருஷாந்தி மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். இனிமேல் மைதானத்தில் நின்று கத்தினால் இதயம் தாங்காது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "செத்தாலும் டீம விடமாட்டேன்" என்று இவர் பிடிவாதமாக இருந்தார். அழுதும் கெஞ்சியும் பார்த்துவிட்டு, கடைசியில்தான் அவள் பொய்ப் பெயரில் அந்தப் பதிவை எழுதினாள்.

அழகன் மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஊரே என்னய வெரட்டிருச்சு. நீ ஒருத்தியாவது என் பக்கம் இருக்கியே, அது போதும்."